மெடிக்கல் லீவில் இருக்கும்போது ஆபீஸ் போன்: என்ன நோய் என்று சொல்லியே ஆக வேண்டுமா?

மலைக்காற்று | 9 ஜூலை 2024, மாலை 6:40

வணக்கம். சேலத்தில் ஒரு நூல் மொத்த வியாபார நிறுவனத்தில் ஒன்பது வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஜூலை 1 அன்று எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. ஆகஸ்ட் 11 வரை, அதாவது ஆறு வாரம், ஓய்வு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். 4ஆம் தேதியே தம்பி சர்டிபிகேட்டை ஆபீசில் நேரில் கொடுத்துவிட்டான். "அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வு" என்றுதான் அதில் இருக்கிறது. என்ன அறுவை என்று இல்லை. நான்தான் டாக்டரிடம் அப்படிக் கேட்டு வாங்கினேன்.

இப்போது ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, வாசல் படிக்கு வந்தால்தான் போன் பேச முடியும். முதல் நாள் மூன்று தடவை வந்தேன், நேற்று ஏழு தடவை. பாதி அழைப்பு வேலைக்கு: இ-வே பில் பாஸ்வேர்டு என்ன, எந்தப் பார்ட்டிக்கு டெபிட் நோட் போட்டாய், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போட வேண்டுமே. மீதிப் பாதி ஒரே கேள்வி, என்ன ஆபரேஷன்?

மேனேஜர் கேட்டார். "லேடீஸ் கிட்ட லேடீஸ் சொல்லலாம்ல" என்று முதலாளியின் மனைவி கேட்டார். அதோடு நிற்கவில்லை. 23 பேர் இருக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், "என்ன ஆபரேஷன் என்று யாருக்காவது தெரியுமா?" என்று மேனேஜர் போட்டுவிட்டார். இரண்டு பேர் ஊகம் சொன்னார்கள், ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார்.

இன்று வந்த மெசேஜ்: "நோய் பெயர் இல்லாத சர்டிபிகேட் செல்லாது. டிஸ்சார்ஜ் சம்மரி முழுதும் அனுப்பவும். இல்லாவிட்டால் சம்பளமில்லாத லீவு."

முதலாளி கெட்டவர் இல்லை. அப்பா தவறியபோது காரியம் முடியும்வரை கூட நின்றவர். அதனால்தான் குழப்பமாக இருக்கிறது. அனுப்ப வேண்டுமா? போனை எடுத்தே ஆக வேண்டுமா?

நாலுரோடு நந்தா | 9 ஜூலை, இரவு 7:15

என்ன ஆபரேஷன் என்று சொன்னால்தானே சரியாக ஆலோசனை சொல்ல முடியும்?

தட்டுவடை செட் | 9 ஜூலை, இரவு 7:22

நந்தா அண்ணா, தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள்.

பழைய சங்கத்துக்காரன் | 9 ஜூலை, இரவு 8:05

நோயை விடுங்கள் அம்மா. முதலில் இதைச் சொல்லுங்கள்: உங்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சந்தா, பிடிக்கிறார்களா? மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

மலைக்காற்று | 9 ஜூலை, இரவு 8:31

முன்பு பிடித்தார்கள் ஐயா. 20,000 வாங்கிக்கொண்டிருந்தேன். மே மாதம் 22,500 ஆக்கினார்கள். 21,000 தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது என்று ஆபீசில் சொன்னதால்தான் தனியார் மருத்துவமனைக்குப் போனேன்.

பழைய சங்கத்துக்காரன் | 9 ஜூலை, இரவு 8:50

ஜூன் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ என்ற இடத்தில் ஏதாவது கழித்திருக்கிறார்களா?

மலைக்காற்று | 9 ஜூலை, இரவு 9:12

169 ரூபாய்.

பழைய சங்கத்துக்காரன் | 9 ஜூலை, இரவு 10:20

22,500இல் 0.75 சதவீதம் 168 ரூபாய் 75 காசு. ரூபாய்க்கு மேலேற்றினால் 169. ஆக நீங்கள் இன்னமும் இஎஸ்ஐக்குள்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் ஆபீசில் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். 2017 ஜனவரியிலிருந்து வரம்பு 21,000தான். ஆனால் இஎஸ்ஐயில் வருஷத்தை இரண்டாகப் பிரிப்பார்கள், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்து நடுவில் சம்பளம் ஏறினால், அந்தக் காலம் முடியும்வரை உறுப்பினர்தான். உங்களுக்கு செப்டம்பர் 30 வரை இருக்கிறது. பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கிடையாது என்று சொன்னால் எப்படி?

இப்போது லீவுக்கு வருவோம். ஜூலை முதல் டிசம்பருக்குள் உடம்பு சரியில்லாமல் போனால், அதற்கு முந்தைய அக்டோபர்–மார்ச் கணக்கைப் பார்ப்பார்கள். அதில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். 20,000ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 666 சொச்சம், அதில் 70 சதவீதம் 466 சொச்சம். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. 42 நாளில் 40 நாள் என்று வைத்தால் 18,600 பக்கம் வரும்.

சர்டிபிகேட் இஎஸ்ஐ டாக்டரிடமிருந்து வர வேண்டும் என்பதுதான் வழக்கம். தனியாரில் செய்துகொண்டதால் டிஸ்சார்ஜ் சம்மரி, பில், சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே தம்பியை டிஸ்பென்சரிக்கு அனுப்பிப் பேசச் சொல்லுங்கள். வெளிச் சான்றை ஏற்க விதியில் இடம் இருக்கிறது, ஏற்பது அவர்கள் முடிவு. தாமதம் செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போக வேண்டிய இடம் அதுதான், உங்கள் மேனேஜரின் போன் இல்லை.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. உதவித்தொகை வாங்குகிறவர் டாக்டர் அனுமதி இல்லாமல் சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்று 64ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன் என்று இஎஸ்ஐ டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று, வேலை பார்த்த நாளுக்குப் பணம் கிடையாது. அந்த நாட்களில் நீங்கள் வேலைக்கு வரவில்லைதானே என்று கிளை அலுவலகம் உங்கள் நிறுவனத்திடம் படிவம் 10இல் எழுதிக் கேட்கும். படியில் நின்று ஜிஎஸ்டிஆர்-1க்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தால், முதலாளி அந்தப் படிவத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இதை அவரிடமே கேளுங்கள். போன் தானாகக் குறையும்.

கோப்புக்காரி | 10 ஜூலை, காலை 9:40

நான் எச்ஆரில் 14 வருஷம் இருக்கிறேன், முதலில் ஒரு மில், இப்போது வேறு இடம். இங்கே எச்ஆர் என்றாலே வில்லிதான் என்று தெரியும், பரவாயில்லை.

அந்தக் குரூப் மெசேஜ் அநியாயம். அதற்கு ஒரு வார்த்தைகூட ஆதரவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயின் பெயரை ஏன் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரமும் பொங்கலுக்கு அடுத்த வாரமும் எனக்கு வரும் சர்டிபிகேட்களைப் பார்த்தால், சேலத்தில் அந்த இரண்டு வாரம் மட்டும் டைபாய்டு பரவுகிறது என்று நினைப்பீர்கள். ஒரே டாக்டர், ஒரே கையெழுத்து, தேதி மட்டும் வேறு. ஒரு தடவை ஆண் தொழிலாளிக்கு மகப்பேறு மருத்துவமனை லெட்டர்பேடில் காய்ச்சல் சர்டிபிகேட் வந்தது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எல்லோரையும் சந்தேகப்படும் புத்தி வந்துவிடுகிறது. உண்மையாகவே படுத்தவர்தான் அதற்குத் தண்டனை அனுபவிக்கிறார்.

"நோய் பெயர் இல்லாத சர்டிபிகேட் செல்லாது" என்று உங்கள் மேனேஜர் சொன்னது முழுக் கற்பனை இல்லை. மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறையில் லீவு சர்டிபிகேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. இன்னார், இன்ன நோயால் அவதிப்படுகிறார், இத்தனை நாள் ஓய்வு அவசியம் என்று அதில் நோய்க்கு ஒரு கோடு விட்டிருப்பார்கள். ஆனால் அது பரிந்துரைத்த மாதிரிதான். அதே நெறிமுறை, நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் டாக்டர் "அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வு" என்று எழுதியது என் கணக்கில் போதும். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் டாக்டருக்குக் கடிதம் எழுதி, இந்த சர்டிபிகேட் நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்கலாம். சர்டிபிகேட் கொடுத்ததற்கு அவர்கள் பதிவேடு வைத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி எதற்கு? அதில் உங்கள் கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து ரத்தத்தில் சர்க்கரை வரை இருக்கும்.

நான் லீவில் இருப்பவரிடம் கேட்பது இவ்வளவுதான். எப்போது வருவீர்கள், தேதி மாறினால் யார் சொல்வார்கள், வந்தபிறகு செய்யக் கூடாத வேலை ஏதும் உண்டா.

மெஸ் மாணிக்கம் | 10 ஜூலை, மதியம் 3:55

மேடம் மூன்று கேள்வியோடு முடித்துவிட்டார். எனக்கு அது போதாது. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெஸ் வைத்திருக்கிறேன், ஒன்பது பேர் வேலை. சட்னி அரைக்கிறவருக்கு மஞ்சள் காமாலையா, டைபாய்டா, வெறும் முதுகுவலியா என்று தெரியாமல் நான் எப்படி உள்ளே விடுவது? உணவுப் பாதுகாப்பு விதியில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. தொற்று உள்ளவரை உணவைத் தொட விடக் கூடாது என்றும் இருக்கிறது. நான் கேட்காமல் விட்டு நாற்பது பேருக்கு வாந்தி வந்தால் கடையை மூடுவது யார்?

கோப்புக்காரி | 10 ஜூலை, மாலை 4:30

நீங்கள் கேட்பது நியாயம் அண்ணா. ஆனால் நன்றாகப் பாருங்கள், உங்களுக்கும் நோயின் பெயர் தேவையில்லை. "இவர் உணவைத் தொடலாமா, கூடாதா" என்று டாக்டர் எழுதித் தந்தால் போதுமே?

மெஸ் மாணிக்கம் | 10 ஜூலை, மாலை 4:48

எழுதித் தந்தால் போதும்தான். எங்கள் பகுதி டாக்டர் எழுதித் தர வேண்டுமே. "போய் வேலையைப் பாருப்பா" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்.

ஜங்ஷன் தாத்தா | 10 ஜூலை, இரவு 8:10

ரயில்வேயில் 36 வருஷம். நான் சேர்ந்தபோது சேலம், பாலக்காடு கோட்டத்தில் இருந்தது. 2007இல்தான் தனிக் கோட்டம் ஆனது. எங்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது, அதன் அருமை ஓய்வு பெற்றபிறகுதான் புரிகிறது.

உடம்பு சரியில்லை என்றால் "சிக்" போடுவோம். மெமோ வாங்கிக்கொண்டு ரயில்வே டாக்டரிடம் போக வேண்டும். வயிற்றில் என்ன, நெஞ்சில் என்ன என்பதெல்லாம் அவரோடு சரி. ஸ்டேஷனுக்கு வரும் காகிதத்தில் இரண்டே சொல், "சிக்", அப்புறம் "ஃபிட்". எங்கள் மேலதிகாரிக்கு வேண்டியதும் அதுதான், இன்று ட்யூட்டிக்கு ஆள் உண்டா இல்லையா. இன்ஜின் ஓட்டுகிறவர்களுக்குக் கண் பார்வை ஏ-1 தரத்தில் இருக்க வேண்டும். அதில் தேறவில்லை என்றால், வண்டி ஓட்டத் தகுதி இல்லை, வேறு வேலை கொடுங்கள் என்று வரும். கண்ணில் என்ன கோளாறு என்று கூட்ஸ் ஷெட் வரைக்கும் தெரிய வேண்டியதில்லை.

அதற்காக எல்லாம் ரகசியமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எல்லாம் தெரியும். சூரமங்கலம் டீக்கடைக்கு அன்று சாயங்காலமே வந்துவிடும். ஆனால் அதிகாரியே கேட்டது கிடையாது. ஊர் பேசுவதும் சம்பளம் போடுகிறவர் எழுதிக் கேட்பதும் ஒன்றில்லை பாப்பா.

சாக்பீஸ் | 10 ஜூலை, இரவு 11:36

பெயர் தெரியாத இடம் என்பதால் எழுதுகிறேன். தனியார் பள்ளி ஆசிரியை நான். போன வருஷம் எனக்கு மனச்சோர்வு, இருபது நாள் லீவு. சர்டிபிகேட்டில் நோயின் பெயரே இல்லை, டாக்டர் அவ்வளவு கவனமாக எழுதினார். ஆனால் லெட்டர்பேடின் தலையில் "மனநல மருத்துவர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்புறம் என்ன மறைக்க இருக்கிறது? திரும்பி வந்தபோது என் வகுப்பைப் பிரித்து வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். "உங்களுக்கு ஸ்ட்ரெஸ் வேண்டாமே என்றுதான் மிஸ்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். இன்றுவரை பத்தாம் வகுப்பு எனக்குத் திரும்பி வரவில்லை.

எனக்குப் பிறகுதான் தெரிந்தது, பெரிய மருத்துவமனை என்றால் பிரிவின் பெயர் போடாத பொது லெட்டர்பேடில் எழுதித் தரும்படி கேட்கலாம். மலைக்காற்று அக்கா, உங்கள் சர்டிபிகேட்டின் தலையைப் பாருங்கள்.

மலைக்காற்று | 11 ஜூலை, காலை 7:05

பார்த்தேன் தங்கச்சி. டாக்டர் பெயருக்குக் கீழே படிப்பு முழுதும் இருக்கிறது. படித்தவர் யாருக்கும் பாதி புரிந்துவிடும். குரூப்பில் ஊகம் எங்கிருந்து கிளம்பியது என்று இப்போதுதான் விளங்குகிறது.

பழைய சங்கத்துக்காரன் | 11 ஜூலை, காலை 8:30

சாக்பீஸ் அம்மாவுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு, மனநல சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. எச்ஐவிக்கும் 2017இல் தனிச் சட்டம் வந்தது. அந்த நிலையைச் சொல் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, நீதிமன்ற உத்தரவு இருந்தால்தான் உண்டு.

மற்ற நோய்களுக்கு? மறைக்காமல் சொல்கிறேன். லீவில் இருப்பவரிடம் என்ன நோய் என்று முதலாளி கேட்கக் கூடாது என்று நேராகச் சொல்லும் ஒரு வரி நம் தொழிலாளர் சட்டங்களில் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது அரசைப் பார்த்துச் சொன்னது. நூல் கடை முதலாளியிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார். ஆகவே "நீங்கள் கேட்பது சட்டவிரோதம்" என்று எழுதாதீர்கள், தோற்றுப்போவீர்கள். "சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன், லீவுக்குத் தேவையானது அதில் இருக்கிறது" என்று எழுதுங்கள்.

சட்டம் கெட்டியாக இருப்பது வேறு இடத்தில். இஎஸ்ஐ சட்டம் 73ஆம் பிரிவு: முறையான சான்றோடு நோயில் இருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. அந்த நேரத்தில் கொடுக்கும் நீக்க நோட்டீஸ் செல்லாது. மாதக்கணக்கில், அதாவது ஆறு மாதத்துக்கு மேல் நீண்டால் நிலைமை மாறும். உங்களுக்கு ஆறு வாரம்தான்.

அம்மாபேட்டை டு ஜெர்மனி | 11 ஜூலை, மதியம் 1:20

நான் நர்ஸ், ஐந்து வருஷமாக ஜெர்மனியில். இங்கே வந்த புதிதில் காய்ச்சல் என்று லீவு போட்டபோது நம்ம ஊர்ப் பழக்கத்தில் வார்டு பொறுப்பாளரிடம் தொண்டை, இருமல், சளி நிறம் எல்லாம் விளக்கினேன். அவர் பதறிப்போய் "எனக்கு அதெல்லாம் சொல்ல வேண்டாம், எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். ஆள் கொஞ்சம் விறைப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதுதான் முறை. முதலாளிக்குப் போகும் சான்றில் நாள் மட்டும்தான் இருக்கும், நோய் இருக்காது. 2023 ஜனவரியிலிருந்து காகிதமே கிடையாது. டாக்டர் காப்பீட்டுக்கு அனுப்புவார், முதலாளி அங்கிருந்து கணினியில் எடுத்துக்கொள்வார். ஆறு வாரம் வரை முழுச் சம்பளம்.

போன் விஷயத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. நர்ஸ் வேலையில் இருந்து, விபத்துக்குப் பிறகு ஆவண வேலைக்கு மாறிய ஒருவர் நோய் லீவில் இருந்தார். நேரில் வந்து பேசு என்று இரண்டு தடவை அழைத்தார்கள், அவர் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். 2016 நவம்பரில் அங்குள்ள உச்ச தொழிலாளர் நீதிமன்றம், தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் நோயாளியை வேலை இடத்துக்கு வரச் சொல்ல முடியாது என்று அந்த எச்சரிக்கையை நீக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், நியாயமான தேவை இருந்தால் முதலாளி அளவோடு தொடர்புகொள்ளலாம் என்றும் இருக்கிறது. அதாவது போனே வரக் கூடாது என்று இங்கேயும் இல்லை.

தட்டுவடை செட் | 11 ஜூலை, மதியம் 1:41

அங்கே சரி அக்கா. செவ்வாய்பேட்டையில் என் அண்ணன் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார். எடைக்குக் கூலி. போன மாதம் கை வெந்து பத்து நாள் வீட்டில் இருந்தார். பட்டறைக்காரர் போனே பண்ணவில்லை. பதினோராம் நாள் போனால் அவர் இடத்தில் வேறு பையன் உட்கார்ந்திருக்கிறான். எங்களுக்கெல்லாம் முதலாளி போன் பண்ணினால் சந்தோஷம்தான்.

ஒண்டிக்கடை வாசி | 11 ஜூலை, இரவு 7:50

மேலே எஸ்டேட்டில் கிளார்க் நான். தோட்டத்துக்கு இஎஸ்ஐ கிடையாது, 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம்தான். டாக்டர் சான்றோடு நோய்ப்படி முதலாளியே கொடுக்க வேண்டும். ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆளும் இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும். ஏற்காட்டில் அதற்குக் கீழே உள்ள சின்னக் காப்பித் தோட்டம் எத்தனை என்று மலையேறி வந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே போன் பிரச்சினையே இல்லை. காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் மேஸ்திரி நேராக லைன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். யாருக்கு என்ன நோய் என்று மேஸ்திரிக்கு டாக்டருக்கு முன்பே தெரியும். ஒரு பெண் மாதாமாதம் இரண்டு நாள் வர முடியாமல் தவிப்பார். மேஸ்திரி வாசலில் நின்று "என்னாச்சு" என்று கேட்பார், அவர் மாமனாரை முன்னால் வைத்துக்கொண்டு "தலைவலி" என்பார். பேரேட்டில் நானும் தலைவலி என்றே எழுதினேன். ஒரு வருஷத்துக்கு இருபத்து நாலு தலைவலி. ஒருநாள் துரை அதைப் பார்த்துவிட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

நாலுரோடு நந்தா | 11 ஜூலை, இரவு 8:30

முதலில் நான் கேட்ட கேள்விக்கு மன்னிப்பு. நேற்று வீட்டில் இதைச் சொன்னேன், வீட்டுக்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷம் கூட இருந்தவர் ஆபரேஷன் என்று போனால், என்ன ஏது என்று கேட்காமல் இருந்தால் அதுவும் தப்பாகப் போய்விடாதா? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் "எப்போ வருவீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தால் நம்மை மனுஷனாக மதிப்பார்களா?

ஜங்ஷன் தாத்தா | 11 ஜூலை, இரவு 9:05

ஹார்லிக்ஸோடு வந்தால் கேட்கலாம் தம்பி. சொல்வதும் சொல்லாததும் அவர்கள் இஷ்டம். "சொல்லாவிட்டால் சம்பளம் இல்லை" என்று யாரும் ஹார்லிக்ஸில் எழுதி ஒட்டிக் கொண்டுவருவதில்லையே.

கோப்புக்காரி | 12 ஜூலை, காலை 10:15

மலைக்காற்று, நான் ஒரு மெசேஜ் எழுதித் தருகிறேன். குரூப்பில் போடாதீர்கள், முதலாளிக்கு மட்டும் அனுப்புங்கள். அதே வாசகத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடும் போட்டுவிடுங்கள்.

"ஐயா, வணக்கம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 11 வரை மருத்துவ ஓய்வுக்கான சான்றை 4ஆம் தேதி கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 12 திங்கள்கிழமை வேலைக்கு வருவேன். தேதி மாறினால் ஒரு வாரம் முன்பே தெரிவிப்பேன். இஎஸ்ஐ உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதால், இந்த நாட்களில் நான் வேலை பார்க்க விதியில் இடமில்லை. அவசரம் என்றால் தம்பி எண்ணுக்கு மெசேஜ் அனுப்பவும், என்னால் முடிந்த நேரத்தில் பதில் சொல்கிறேன். சிகிச்சை விவரங்களை இஎஸ்ஐ மருத்துவரிடம் கொடுக்கிறேன். குழுவில் என் உடல்நலம் பற்றிய பதிவுகளை நீக்கச் சொல்ல வேண்டுகிறேன்."

"ஐயா" வேண்டுமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டும். ஆகஸ்ட் 12 அன்று அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பழைய சங்கத்துக்காரன் | 12 ஜூலை, காலை 11:00

நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்க்கலாம். இஎஸ்ஐ பணம் கைக்கு வரும்வரை, ஆபீஸ் லீவு மிச்சமிருக்கிறது என்று அதே நாட்களுக்கு முழுச் சம்பளமும் வாங்கிவிடாதீர்கள். சம்பளத்தோடு கூடிய லீவு நாளுக்கு உதவித்தொகை கிடையாது. எது லாபம் என்று கணக்குப் போட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களே அக்கவுண்டன்ட், நான் சொல்ல வேண்டியதில்லை.

மலைக்காற்று | 18 ஆகஸ்ட் 2024, காலை 10:30

எல்லோருக்கும் நன்றி. 12ஆம் தேதி வேலைக்குப் போனேன். ஆடித் திருவிழாக் கூட்டத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை, அது ஒன்றுதான் குறை.

மெசேஜ் அனுப்பிய அன்று இரவே முதலாளி தம்பிக்குப் போன் செய்தாராம். கோபமாகத்தான் பேசியிருக்கிறார், "நம்மகிட்டயே தபால் போடற அளவுக்கு ஆயிடுச்சா" என்று. மறுநாள் படிவம் 10 பற்றி ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறார். ஆடிட்டர் என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு வேலை விஷயமாக ஒரு போன்கூட வரவில்லை. குரூப்பில் அந்த மெசேஜை மேனேஜர் அழித்துவிட்டார். படித்தவர்கள் மனதிலிருந்து அழிக்க வழியில்லை.

இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் தம்பி மூன்று தடவை அலைந்தான். இரண்டாம் தடவை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நானும் போனேன், தையல் வலி உயிர் போனது. டாக்டர் நல்லவர், மருத்துவமனைத் தாள்களை ஏற்றுக்கொண்டார், அம்மா வீட்டில் இருப்பதையும் குறித்துக்கொண்டார். பணம் இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள்.

முதல் நாள் உள்ளே போனதும் முதலாளியின் மனைவி வந்தார். "இப்ப எப்படிம்மா இருக்கு" என்று மட்டும் கேட்டார். நானே அவரிடம் என்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அவருக்கும் நாலு வருஷம் முன்பு அதேதானாம்.

மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இ-வே பில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். புதியது என்னவென்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை. தினம் நாலு தடவை நான்தான் இப்போது அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

தட்டுவடை செட் | 18 ஆகஸ்ட், காலை 10:52

வாசல் படிக்கு வந்து கேளுங்கள் அக்கா.